விலை விழுந்தால் யார் தலையில்?

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் செங்கரும்பு போடுகிற யாரிடமாவது 2022 டிசம்பரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். கோடையில் கரணை ஊன்றி, தோகை உரித்து, காற்றுக்குச் சாயாமல் கட்டுப் போட்டு மாசக்கணக்கில் வளர்த்த கரும்புக்குப் பொங்கலை விட்டால் வேறு வேலையே கிடையாது. ஆலைக்கும் போகாது, மாட்டுப் பொங்கல் முடிந்தால் தெருவில் வைத்துக் கூவினாலும் ஆள் திரும்பிப் பார்க்காது. அந்த வருடம் அறிவித்த பொங்கல் பரிசில் அரிசி இருந்தது, சர்க்கரை இருந்தது, ஆயிரம் ரூபாய் இருந்தது, கரும்பு இல்லை. பரிசுத் தொகுப்பை நம்பித்தான் பாதிப் பேர் ஊன்றியிருந்தார்கள். கூப்பாடு போட்டு, மறியல் செய்து, மாசக் கடைசியில்தான் முழுக்கரும்பு ஒன்றும் சேர்த்துத் தருகிறோம் என்று அறிவிப்பு வந்தது. சரி, வந்துவிட்டது, பிரச்சினை முடிந்தது என்று நகரத்தில் எல்லோரும் மறந்துவிட்டோம். ஆனால் நடுவில் போன அந்தச் சில நாட்களில், 'எவ்வளவு கொடுத்தாலும் சரி, வெட்டிக்கிட்டுப் போங்க' என்று வியாபாரியிடம் பேசி முடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அறிவிப்பு வந்தும் பிரயோசனமில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிறு விவசாயம் தாக்குப்பிடிக்க என்ன வழி என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் நேராக மண்ணுக்குப் போய்விடுகிறார்கள். பாரம்பரிய விதை, பஞ்சகவ்யம், மண்புழு, சொட்டுநீர். எல்லாம் நல்ல விஷயம்தான், நானே அதில் சிலவற்றைச் செய்கிறேன். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரி அளவே 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இரண்டு ஏக்கர்க்காரனை மழை ஒரு வருடம் ஏமாற்றினால் எப்படியாவது எழுந்துவிடுவான். விலை இரண்டு தடவை தொடர்ந்து காலை வாரினால் நிலத்தை மனைப் பிரிவுக்காரனிடம் கொடுத்துவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறிவிடுவான். என் சொந்தக்காரர்களிலேயே அப்படிப் போனவர்கள் உண்டு.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர்ப் பற்றாக்குறையைச் சமாளிக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர், அதைத் தாண்டி மேலூர்ப் பகுதி ஒருபோகம் 85,563 ஏக்கர், திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கர். அணையில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள், இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு என்று. அதற்கும் கீழே கண்மாய்க்குப் போனால் இன்னும் நுணுக்கம். எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர், உபரி வழிந்து ஓடுகிற கலுங்கைத் தொட்டுவிட்டால் பேச்சே இல்லை, மடையைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள், வயலுக்குத் தண்ணீர் திரும்புகிற வாமடையை அவரவர் வெட்டிக்கொள்ளலாம். பாதிதான் பெருகியது என்றால் கூட்டம் போட்டு, ஒவ்வொருவரும் நிலத்தில் பாதிக்குத்தான் நடவேண்டும் என்று முடிவாகும். அன்றிலிருந்து மண்வெட்டி, ஊருக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிற நீர்பாய்ச்சி கையில் மட்டும்தான். அவர் செல்போனில் மணி பார்த்து, ஒரு வயலுக்கு இவ்வளவு நேரம் என்று வாமடையை வெட்டி விடுவார், நேரம் முடிந்ததும் ஒரு கூடை சேற்றை அள்ளி அப்பி, மேலே குதிகாலால் ஒரு மிதி. அவ்வளவுதான். பத்து ஏக்கர்க்காரர் வந்து நின்று முறைத்தாலும் அந்தச் சேறு அசையாது. அறுவடையில் களத்துக்குக் களம் அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள்.

இதில் சாதி, தலைமடை, கடைமடை, தகராறு, போலீஸ் கேஸ் எல்லாம் உண்டு. பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. குறையும்போது எல்லோருக்கும் குறைய வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். விலைக்கு அப்படி ஒரு முறை நம்மிடம் இல்லை. விலை விழுந்தால் முழுதும் ஒரே தலையில் விழுகிறது, மிச்ச எல்லோருடைய பங்கும் அப்படியே இருக்கிறது. என் பேச்சு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

ஒரு விற்பனைச் சீட்டைப் பார்ப்போம். கள்ளந்திரிப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான ஒரு அக்கா, கிணற்றுப் பாசனத்தில் காய்கறி போடுகிறவர், நகரத்து மொத்தச் சந்தைக்கு அனுப்பிய நூறு கிலோ கத்திரிக்காய்க்கு வந்த சீட்டு. கடை எதுவென்பது முக்கியமில்லை, எல்லாக் கடையிலும் ஏறக்குறைய இதே எழுத்துதான். சாக்குக்கும் கழிவுக்கும் ஆறு கிலோ போக எடை 94. விலை 9 ரூபாய். தொகை 846. கமிஷன் பத்து சதவீதம், 85. மூன்று மூட்டைக்கு இறக்குக்கூலி 45. வண்டி வாடகையை அவர்களே கொடுத்துவிட்டுக் கழித்துக்கொண்டது 150. கையில் வந்தது 566. காலையில் காய் பறித்த இரண்டு பெண்களுக்குக் கூலி 400 போக மிச்சம் 166 ரூபாய். நூறு கிலோவுக்கு. இதில் நாற்று, உழவு, உரம், மருந்து, மோட்டார் ரிப்பேர் எதுவும் சேரவில்லை. அன்றைக்கு எங்கள் தெரு முக்குக் கடையில் கத்திரிக்காய் கிலோ 30.

இந்தச் சீட்டில் கமிஷன்காரரைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். நடவுக்கு முன்னால் அக்காவுக்கு 20,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தவரும் அவர்தான், எந்த வங்கியும் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் போட்டார் என்ற கிராமப் பதிவு) கேட்காமல் அவ்வளவு கொடுக்காது. என் கேள்வி வேறு. வண்டிக்காரர் வாடகை மாறவில்லை, இறக்குகிறவர் கூலி மாறவில்லை, கமிஷன் விகிதம் மாறவில்லை, தெருமுனைக் கடைக்காரரின் லாபமும் பெரிதாக மாறவில்லை. மாறியது ஒரே ஒரு வரி. பறிக்காமல் விட்டிருந்தால் செடி அடுத்த காய்க்கு வராது என்பதால் மட்டும்தான் அக்கா பறித்தார்.

மல்லிகையும் இப்படித்தான். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம், பெருமைதான். மார்கழி, தையில் பனி விழுந்து பூ குறைந்து கிலோ 3,000 ரூபாயைத் தாண்டினால் டிவிக்காரர்கள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு ஓடி வருவார்கள். சித்திரை, வைகாசியில் செடி கொட்டுகிற நாளில், முகூர்த்தம் இல்லாத வாரத்தில், சென்ட் கம்பெனிக்குத் தள்ளிவிடுகிற விலையை யாரும் செய்தியில் படிப்பதில்லை. தங்கச்சிமடத்திலிருந்து பதியன் வாங்கி வந்து நட்டு, கவாத்து பண்ணி, செம்பேனுக்கும் மொட்டுப்புழுவுக்கும் மருந்தடித்து, விடியுமுன் டார்ச் லைட்டைத் தலையில் கட்டிக்கொண்டு பறித்த பூ அது. சென்ட் கம்பெனி இல்லாவிட்டால் குப்பைக்குத்தான் போகும் என்பதும் உண்மை. அந்த வகையில் அது ஒரு கடைசி வாங்குநர். ஆனால் கடைசி வாங்குநர் ஒருவர்தான் என்றால் அவர் சொல்வதுதான் விலை.

'ஒரே பயிரைப் போட்டால் இப்படித்தான், பல பயிர் போடுங்கள்' என்பார்கள். பாதி சரி. நெல் வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும், கத்திரியைச் சுற்றி ஆமணக்கும் துவரையும், அறுப்பு முடிந்து தரிசாகக் கிடக்கும்போது கிடை. கிடையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவார்கள். இத்தனை ராத்திரி என்று பேசி நம் வயலில் அமர்த்தினால் புழுக்கையும் மூத்திரமும் வயலிலேயே விழும். புளிக்குளம் மாட்டுக் கிடையும் அப்படித்தான், ஜல்லிக்கட்டுக் காளை தருகிற அதே மாட்டினம்தான். எங்கள் சித்தப்பா கிடை போட்ட வருடம் யூரியா மூட்டை எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார், பயிர் குறையவில்லை. இதெல்லாம் செலவைக் குறைக்கும், ஒன்று போனால் இன்னொன்று நிற்கும்.

ஆனால் பல பயிருக்குப் பல வாசல் வேண்டும். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசலில் மழையை நம்பிக் குதிரைவாலி போடுகிறார்கள். ஒத்தக்கடையில் இருக்கிற வேளாண் கல்லூரி எம்டியூ 1 என்று ஒரு குதிரைவாலி ரகமே வெளியிட்டிருக்கிறது. ஐநா 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. வறட்சியை நன்றாகத் தாங்குகிற பயிர். அப்புறம் என்ன குறை? குதிரைவாலியின் உமியை நீக்குவது நெல் குத்துவதுபோல லேசு அல்ல, அதற்கான இயந்திரம் பக்கத்தில் இல்லாதபோது தானியமாகவே வியாபாரியிடம் போட்டுவிடுவார்கள், அது வெளியூர் ஆலைக்குப் போய், அரிசியாகி, பாக்கெட்டாகி, மதுரை சூப்பர் மார்க்கெட்டுக்கே திரும்பி வரும். விவசாயிக்குக் கிடைத்த விலையைப் போல மூன்று மடங்குக்குக் குறைந்து அந்தப் பாக்கெட்டை நான் பார்த்ததில்லை. உமியில் எடை போவது, ஆலைச் செலவு எல்லாம் கழித்தாலும் நடுவில் நிறையவே தங்குகிறது. விதை ரகத்துக்குச் செலவழித்த அக்கறையில் கொஞ்சம் அந்தச் சின்ன மில்லுக்கும் போயிருக்கலாம்.

விலையில் முறை வைக்க நம் ஊரில் முயற்சியே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். 1999 நவம்பர் 14, முதல் உழவர் சந்தை திறந்தது நம்ம மதுரை அண்ணாநகரில்தான். கலைஞர் வந்து திறந்தார். ஆந்திராவில் அதே வருடம் ரைத்து பஜார் வந்திருந்தது, அதைப் போல. அடையாள அட்டை உள்ள விவசாயிக்குக் கடைக்கு வாடகை இல்லை, தராசு அவர்களே தருவார்கள், மொத்த விலைக்கு மேலேயும் சில்லறை விலைக்குக் கீழேயும் ஒரு விலையைத் தினம் காலையில் நிர்ணயித்துப் பலகையில் எழுதிப் போடுவார்கள். சாக்பீஸில் எழுதிய அந்தப் பலகையை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. காய்கறி விற்க வருகிறவரும் வாங்க வருகிறவரும் ஒரே எண்ணை நிமிர்ந்து பார்க்கிற இடம் நாட்டில் ரொம்பக் குறைவு. இன்றைக்கும் ஆனையூர், பழங்காநத்தம், சொக்கிகுளம் என்று போய்ப் பார்த்தால் காலை ஆறு மணிக்கு நிற்க இடமிருக்காது.

இருந்தாலும் இரண்டு இடத்தில் இடிக்கிறது. பலகை விலை மொத்தச் சந்தையைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது, அங்கே 9 என்றால் இங்கேயும் ஒன்று இரண்டு கூடுதலாக இருக்குமே தவிர, விளைவித்த செலவுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது. இன்னொன்று ஆள். ஒரு ஏக்கர்க் குடும்பத்தில் ஒருத்தர் விடியக்காலை கூடையோடு பஸ் ஏறிப் பத்து மணி வரை உட்கார்ந்து விற்றுவிட்டு வந்தால், தண்ணீர் பாய்ச்சவும் மாடு பார்க்கவும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் யார் இருக்கிறார்கள்? கள்ளந்திரி அக்கா அட்டை வாங்கியும் அதனால்தான் தொடர்ந்து போக முடியவில்லை.

இந்த இடத்தில் ஒருத்தரைச் சொல்லியாக வேண்டும், மதுரைக்காரர்களே மறந்துவிட்டவர். ஜே.சி.குமரப்பா. காந்தியோடு இருந்த பொருளாதார அறிஞர், கடைசிக் காலத்தை டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தவர், 1960-ல் காலமானார். அவர் போட்ட கணக்கு ஒன்று உண்டு: ஒரு லட்சம் பேர் உள்ள ஒரு பகுதி சத்தான சாப்பாடு சாப்பிட எவ்வளவு தானியம், பருப்பு, எண்ணெய், காய், வெல்லம் வேண்டும், அதற்கு எந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர் ஒதுக்க வேண்டும் என்று. முதலில் வயிறு, அப்புறம் ஏக்கர், கடைசியில்தான் சந்தை. நாம் தலைகீழாகச் செய்கிறோம், போன வருடம் எதற்கு விலை இருந்ததோ அதை இந்த வருடம் எல்லோரும் போடுகிறோம், அது விழுகிறது.

லட்சம் பேருக்குப் போட என்னால் ஆகாது. எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவுமாக நாற்பது வீடு போலச் சேர்ந்தோம். வாரத்துக்கு ஒரு வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் கணக்கெடுப்பு. (வாரத்தில் மூன்று நாள் உருளைக்கிழங்கு என்று நேர்மையாக எழுதியவர்களும் உண்டு, உருளை கள்ளந்திரியில் விளையாது என்று சொல்ல வேண்டியிருந்தது.) கத்திரி, வெண்டை, அவரை, புடலை, கீரை, முருங்கை, சின்ன வெங்காயம் என்று வந்தது. அக்காவும் அவருக்குத் தெரிந்த இன்னும் சில குடும்பங்களும் எது யார் போடுவது என்று பிரித்துக்கொண்டார்கள். வாரம் இரண்டு நாள் ஷேர் ஆட்டோவில் கிரேட் வரும், ஒரு வீட்டு வாசலில் இறக்கிப் பிரித்துக்கொள்வோம்.

விலைதான் விஷயம். ஒவ்வொரு காய்க்கும் ஒரு அடிவிலை வைத்தோம். சந்தை அதற்குக் கீழே போனாலும் நாங்கள் அடிவிலை கொடுப்போம். சந்தை மேலே போனால் அடிவிலைக்கும் சந்தை விலைக்கும் நடுவில் உள்ளது விலை. கத்திரி அடிவிலை 22. சந்தையில் 9 ஆனால் நாங்கள் 22 கொடுக்கிறோம். சந்தையில் 60 ஆனால் அவர்கள் எங்களுக்கு 41-க்குக் கொடுக்கிறார்கள். விழும்போது எங்களுக்கு வலிக்கும், ஏறும்போது அவர்களுக்கு வலிக்கும். கண்மாயில் மடை முறை போல.

அந்த 22 எப்படி வந்தது என்பதற்கு ஒரு சாயங்காலம் முழுதும் போனது. ஒரு பேங்க்காரர் எக்செல்லில் உழவு, நாற்று, உரம், பறிப்பு, வண்டி என்று போட்டுக் கிலோவுக்கு 16 ரூபாய் என்று கொண்டுவந்தார். அக்கா போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வந்த ஆளுக்கெல்லாம் கூலி எழுதியிருக்கீக. என் கூலிய எழுதலையே தம்பி."

எழுதவில்லைதான். அவர் கூலி, அவர் வீட்டுக்காரர் ராத்திரி கரண்டு வந்ததும் எழுந்து மோட்டார் போடுகிற கூலி, நிலத்துக்குக் குத்தகை எல்லாம் சேர்த்துத்தான் 22. டெல்லியில் பல வருடமாக நடக்கிற சண்டையும் இதுதான். நெல்லுக்கு ஆதரவு விலை கணக்கிடும்போது கைச்செலவையும் குடும்ப உழைப்பையும் சேர்க்கிறார்கள், சொந்த நிலத்தின் வாடகையையும் போட்ட முதலின் வட்டியையும் அந்தக் கணக்கில் கொண்டுவருவதில்லை. உற்பத்திச் செலவுக்கு மேல் பாதி சேர்த்துக் கொடு என்று எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையம் 2006-ல் சொன்னது, அந்தச் செலவில் இதையும் சேர் என்பது விவசாயிகள் கேட்பது. காய்கறிக்கு அந்த அரைகுறை விலையும் கிடையாது.

திட்டம் சிக்கலில்லாமல் ஓடுகிறது என்று நினைக்காதீர்கள். கத்திரி சந்தையில் 9-க்குப் போன வாரம் எங்கள் குரூப்பில் 'கடையில 30 ரூபாய்க்குத் தர்றான், நமக்கு 22, லாபம்தானே' என்று சொன்னவர்களும் இருந்தார்கள், 'தள்ளுவண்டியில 15' என்று போட்டோ எடுத்துப் போட்டவரும் இருந்தார். அவர் அந்த மாதத்தோடு விலகிவிட்டார். தை மாதம் கத்திரி நூறைத் தொட்டபோது இந்தப் பக்கம் ஆட்டம். பேசியபடி 61-க்குத் தர வேண்டிய ஒருவர் 'செடி சொத்தை விழுந்துருச்சு' என்று சொல்லிவிட்டு மொத்தத்தையும் சந்தைக்கு அனுப்பிவிட்டார். நாற்பது ரூபாய் வித்தியாசம், மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற நேரம், எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அக்காவுக்கு வந்தது, நன்றாகவே வந்தது. "தண்ணி முறையில திருடுனா ஊரு சும்மா விடுமா?" என்று கேட்டு அந்த ஆளுடைய வெண்டை முறையை இரண்டு வாரத்துக்கு இன்னொரு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார். நகரத்துக்காரர்கள் எங்களுக்கு அந்த மாதிரித் தைரியம் வராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நியாய விலை, நியாய விலை என்று பேசும்போது பறிக்கிற பெண்கள் எப்போதும் செலவுப் பட்டியலில் ஒரு வரியாகத்தான் வருகிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு அதை மறக்கக்கூடாது, சின்னப்பிள்ளை அம்மா நம்ம ஊர்க்காரர். அழகர்கோயில் பக்கம் கூலிவேலை செய்த பெண்களுக்குக் கொத்துத் தலைவியாக இருந்து நிலக்காரர்களிடம் கூலி பேசியவர், அப்புறம் பெண்கள் சேர்ந்து சேமிக்கிற களஞ்சியம் இயக்கத்தை வளர்த்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர். எங்கள் ஏற்பாட்டில் அடிவிலைக்குள் பறிப்புக்கூலியும் பேசி முடித்ததுதான், சந்தை எப்படிப் போனாலும் குறையாது. விலை ஏறும்போது பறிக்கிறவர்களுக்கு என்ன கூடுதல் என்பதற்கு இன்னும் பதில் இல்லை. பறிக்கிற பெண் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார், 'கீழ போனா கூலி குறையாது, சரி, மேல போனா எங்களுக்கு மட்டும் பழைய கூலியா' என்று. நியாயமான கேள்வி.

நாற்பது வீட்டால் மேலூர் தாலுகா பிழைக்காது, தெரியும். பெரிய வாங்குநர் இறங்கினால்தான் கதை மாறும். கேரளாவில் 2020 நவம்பரிலிருந்து பதினாறு வகைக் காய்கறி, கிழங்குகளுக்கு அரசே அடிப்படை விலை அறிவித்தது, விளைவிக்கிற செலவுக்கு மேல் இருபது சதவீதம் என்ற கணக்கில். அங்கே காய்கறி சாகுபடி நம்மைவிடக் குறைவு என்பதால் சுலபமாக இருக்கலாம். ஆனால் நம்மிடம் அவர்களிடம் இல்லாத அளவுக்கு அரசுச் சமையலறைகள் இருக்கின்றன. காலை உணவுத் திட்டம் தொடங்கியதே மதுரையில்தான், 2022 செப்டம்பர் 15, ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். பள்ளி நாள் எல்லாம் காய்கறி வேண்டும். அதோடு மதியச் சத்துணவு, விடுதிகள், ஆஸ்பத்திரிகள், கோயில் அன்னதானம். ஒரு மாவட்டத்தில் தினம் எத்தனை கிலோ கத்திரி, பூசணி, முருங்கை வேண்டும் என்று ஜூன் மாதமே சொல்லிவிடக்கூடிய வாங்குநர் இவர்களைத் தவிர யார்? அதில் கால்வாசியை அந்தந்த ஒன்றியத்துக்குள்ளேயே சிறு விவசாயிகள் குழுவிடம், விதைக்கும் முன் பேசிய விலைக்கு எடுத்தால் போதும். டெண்டர் எடுக்கிற ஒருவருக்குப் பதில் இருபது குழுக்களைக் கட்டி மேய்ப்பது அதிகாரிகளுக்குத் தலைவலிதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தலைவலிக்குத்தான் சம்பளம்.

குத்தகைக்காரர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இப்போது சுருக்கமாக. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் உணவுப் பயிருக்குக் காரீப் பருவம் என்றால் 2, ராபி பருவம் என்றால் 1.5 சதவீதம் கட்டினால் போதும், விவசாயிக்குக் குறைவுதான். ஆனால் அடங்கலில் பெயர் வேண்டும். குத்தகையை எழுத்தில் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று பட்டாதாரருக்குப் பயம், 1969-ன் குத்தகைப் பதிவுச் சட்டக் கதையை அவர்கள் அப்பாக்கள் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வாய்வார்த்தைக் குத்தகையில் உழைக்கிறவர் ஒருவர், நிவாரணம் வாங்குகிறவர் வேறொருவர். எங்கள் குழுவிலேயே பாதிப் பேர் குத்தகைக்காரர்கள். அடிவிலையில் குத்தகையைச் சேர்த்ததும், இரண்டு பட்டாதாரர்கள் அதைக் கேள்விப்பட்டுக் குத்தகையைக் கூட்டிக் கேட்டதும் தனிக் கதை, அது அடுத்த பதிவுக்கு.

இப்போதைக்கு நடக்கிற சண்டை பொங்கல் மொச்சைக்கு. பொங்கலுக்கு முந்தின வாரம் மொச்சையும் அவரையும் மதுரையில் எந்த விலைக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், அக்கா அடிவிலை 45 கேட்கிறார், பேங்க்காரர் எக்செல் 38 என்கிறது. கரும்பையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மேலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், வீட்டுக்கு ஒரு கட்டு, இப்போதே விலை பேசிப் பாதி முன்பணம். வர்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடியில் கூட்டம், ஆனையூர்ப் பக்கம் இருக்கிறவர்கள் சேர விரும்பினால் வரலாம். டீ உண்டு. தள்ளுவண்டி போட்டோவோடு வருகிறவர்களும் வரலாம், பதில் சொல்ல அக்காவே வருகிறார்.